ஓயாத கிறுகிறுப்பு, படபடப்பு, வயிற்று உப்புசம்: அடுத்து என்ன பார்க்கணும்?

கேள்வி:
வயசு 38. நாலு மாசமா கிறுகிறுப்பு. அறை சுத்தல; நடந்தா தரை அமுங்குற மாதிரி இருக்கு. பஸ் ஸ்டாண்ட், சூப்பர் மார்க்கெட்டில் அதிகம். கூடவே படபடப்பு, சாப்பிட்டதும் உப்புசம், ஏப்பம். தலை ஸ்கேன், ஈசிஜி நார்மல். பீட்டாஹிஸ்டின் 16 மி.கி. மூணு வேளை, பான்டோபிரசோல் 40 காலையில். குறையல. கழுத்து எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்புத் தேய்மானம்னு காலர் போடச் சொல்றாங்க. போடலாமா?

பதில் 1:
காலரை அவசரப்பட்டு மாட்டாதீங்க. கழுத்துத் தேய்மானம் எந்தத் தொந்தரவும் இல்லாதவங்க எக்ஸ்ரேயிலும் தெரியும். தலையை அசைக்காம வச்சா சமநிலை திரும்புறது தாமதமாகும்.

கிறுகிறுப்பு எப்ப வருதுன்னு பாருங்க. படுக்கையில் புரண்டதும் ஒரு நிமிஷத்துக்குள் சுத்தி நின்னா, காதுக்குள் துகள் இடம் மாறியிருக்கலாம். எப்ளி முறையில் தலையைத் திருப்பி சரிபண்ணுவாங்க. எழுந்ததும் கண் இருட்டினா பிபி பாருங்க: 5 நிமிஷம் படுத்துட்டு ஒண்ணு, நின்ன 1-வது, 3-வது நிமிஷத்தில் ஒவ்வொண்ணு. மேல் அளவு 20 குறைஞ்சா டாக்டரிடம் காட்டணும்.

நிக்கும்போதும் நடக்கும்போதும் கூட்டத்திலும் கூடி, 3 மாசம் தாண்டினா பிபிபிடியா (PPPD, மாசக்கணக்கில் நீடிக்கிற ஒரு வகை சமநிலைக் கிறுகிறுப்பு) இருக்கலாம். 2017-ல் பாராணி சொசைட்டிங்கிற சர்வதேச சமநிலைக் கோளாறு நிபுணர் அமைப்பு இதுக்கு வரையறை வெளியிட்டது. ஸ்கேனில் தெரியாது, ஆனா கற்பனையும் இல்ல. காது-மூக்கு-தொண்டை டாக்டரோ நரம்பியல் டாக்டரோ உறுதி செய்யணும். ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரையும் பார்த்துடுங்க.

பதில் 2:
மூணும் சேர்ந்து வர ஒரு காரணம் மூச்சு. படபடப்பில் வேகமா மூச்சு விட்டா ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கும், கிறுகிறுப்பு ஏறும். அப்பவே காத்தையும் விழுங்குறோம். அதான் ஏப்பம், உப்புசம். "நல்லா இழுத்து மூச்சு விடு"ங்கிற அறிவுரை இதைக் கூட்டும். வயித்தில் கை வச்சு, மூக்கு வழியா 4 எண்ணி இழுத்து 6 எண்ணி மெதுவா விடுங்க. 5 நிமிஷம், தினம் ரெண்டு தடவை, படபடப்பு இல்லாதப்பவே பழகணும்.

சமநிலைக்கு ஒரு பயிற்சி: கையை நீட்டி கட்டைவிரல் நகத்தையே பாருங்க. தலையை மட்டும் இடம் வலமா ஆட்டுங்க, நகம் கலங்கக் கூடாது. 30 விநாடியில் தொடங்கி 1 நிமிஷம் வரை, தினம் 3 தடவை. லேசா கிறுகிறுக்கும், அது வேணும். அரை மணியிலும் அடங்கலன்னா வேகத்தைக் குறைங்க. நல்லா இருக்கிற நாளில் மிதமிஞ்சிப் பண்ணி, மறுநாள் முழுக்கப் படுத்துடுறதுதான் பலரைப் பின்னால இழுக்குது.

பதில் 3:
பான்டோபிரசோல் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும். அது அமிலத்துக்குத்தான், உப்புசத்துக்கு இல்ல. மாசக்கணக்கில் போட்டதைத் திடீர்னு நிறுத்தினா நெஞ்செரிச்சல் திரும்ப ஏறும். டாக்டரிடம் கேட்டுக் குறைங்க. கிறுகிறுப்புக்குத் தர்ற ஸ்டெமெட்டில் மாத்திரையும் சில நாளுக்குத்தான். நீடிச்சா சமநிலை பழகாது, வயசானவங்களுக்குக் கை நடுக்கம் வரலாம்.

பிபிபிடிக்கு எஸ்எஸ்ஆர்ஐ (பதற்றம், மனச்சோர்வுக்கும் தர்ற மருந்து வகை) மாத்திரை எழுதினா முதல் ரெண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் கூடலாம். பலர் அங்கயே விட்டுடுறாங்க. குறைஞ்ச அளவில் தொடங்கச் சொல்லிக் கேளுங்க. பலன் தெரிய 4–6 வாரம் ஆகும்.

கருப்பு மலம், காரணமில்லாத எடை குறைவுன்னா எண்டோஸ்கோபி கேளுங்க. பேச்சு குழறினா, ரெட்டையா தெரிஞ்சா, ஒரு பக்கம் மரத்தா 108.