புதுப்பிப்பு: எக்ஸ்-பிளேன் 12இல் ஏராக் 2501 போட்ட பிறகு எஃப்எம்சியில் எஸ்ஐடி, ஸ்டார் காணவில்லை (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்-பிளேன் 12 விமான சிமுலேட்டரில் ஏராக் 2501 (28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழித்தட டேட்டா) போட்ட பிறகு, எஃப்எம்சியில் (விமானத்தின் வழித்தடக் கணினி) வேபாயின்ட் (வழிப்புள்ளி), ஏர்வே (வான்பாதை) எல்லாம் வருகிறது, ஆனால் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கு எஸ்ஐடி (புறப்படும் வழிமுறை), ஸ்டார் (வந்து சேரும் வழிமுறை) இல்லை, டிபார்ச்சர் பக்கம் காலி என்பதுதான் நான் கேட்ட கேள்வி.

மூன்றாவது பதில்தான் சரி: ஃபோல்டருக்குள் ஃபோல்டர். ஜிப்பைப் பிரிக்கும்போது எக்ஸ்-பிளேனின் 'கஸ்டம் டேட்டா' ஃபோல்டரில் இருந்த சிஐஎஃப்பி-க்குள்ளேயே (எஸ்ஐடி, ஸ்டார் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) இன்னொரு சிஐஎஃப்பி விழுந்திருந்தது. விமான நிலையத்துக்கு ஒன்றாக இருக்கும் கோப்புகள் (ஸ்டான்ஸ்டெட்டுக்கு அதன் குறியீடான ஈஜிஎஸ்எஸ் என்ற பெயரில்) முதல் சிஐஎஃப்பி-யிலேயே நேராகக் கிடக்க வேண்டும். ஒரு படி மேலே நகர்த்தி, சிமுலேட்டரை மூடித் திறந்ததும் வந்துவிட்டது. ஓடும்போது மாற்றினால் பயனில்லை.

சரிபார்க்க: ஃபிக்ஸ், நேவ், ஏர்வே கோப்புகளை நோட்பேடில் திறந்து இரண்டாவது வரியைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே சைக்கிள் எண் இருக்க வேண்டும். 2501 என்றால் 2025இன் முதல் சைக்கிள். ஜனவரி 23 முதல் 28 நாள்.

'கஸ்டம் டேட்டா'வை முழுதாக அழிக்கச் சொல்லி இன்னொரு பதிலில் வந்த யோசனையை அப்படியே செய்யாதீர்கள். நாமே சேர்த்த யூசர்-நேவ், யூசர்-ஃபிக்ஸ் கோப்புகளும் அங்கேதான் இருக்கும், சேர்ந்து போய்விடும்.

எதிர்பாராதது ஒன்று: நான் போட்டிருந்த பழைய ஸ்டான்ஸ்டெட் சீனரியில் (விமான நிலையத்தைக் காட்டும் ஆட்-ஆன்) ஓடுதள எண் இன்னும் 05/23. அது 2009இலேயே 04/22 ஆகிவிட்டது. எண் பொருந்தாததால், மற்றவை வந்த பிறகும், குறிப்பிட்ட ஓடுதளத்தோடு கட்டிய புரொசீஜர் (எஸ்ஐடி, ஸ்டார் போன்றவை) மட்டும் வரவில்லை. டேட்டாவில் குறையில்லை, சீனரியை எடுத்ததும் வந்தது.

தனி டேட்டாபேஸ் வைத்திருக்கும் ஆட்-ஆன் விமானத்துக்கு இது போதாது, அதன் ஃபோல்டரிலும் தனியாகப் போட வேண்டும்.