புதுப்பிப்பு: சிவாஜிநகர் ராலே சைக்கிள், இப்போது கியர் மாறுகிறது

பெங்களூரு சிவாஜிநகர் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ராலே சைக்கிளில் கியர் மாறவில்லை, ஹப்பையே (கியர்கள் உள்ளே அடங்கிய பின் சக்கர நடுப்பகுதி) மாற்றிவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி ஹப்பைப் பிரித்தால், உள்ளே பழைய எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகி, பல்லில் விழுந்து சக்கரத்தை இழுக்கும் சின்னத் தாழ்களை அசைய விடாமல் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, மெல்லிய எண்ணெய் விட்டதும் மூன்று கியரும் விழுகின்றன. கிரீஸை உள்ளே அப்பாதீர்கள். தாழ்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அழுக்குப் போனதும் ஹப் மேல் ‘ஏடபிள்யூ 58 3’ என்ற முத்திரை தெரிந்தது: ஏடபிள்யூ மாடல், 1958 மார்ச். வண்டியின் வயது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஹப்பின் வயது அதுதான்.

அப்புறம், பெடல் அச்சு கப்பை (பெடல் கைகளைச் சுழல விடும் நடு அச்சைத் தாங்க, ஃபிரேமில் திருகி ஏற்றும் கிண்ணம்) தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடச் சொன்ன அண்ணா மன்னிக்கவும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலேயில் அங்குலத்துக்கு 26 மரை, வழக்கமான கப்பில் 24. புதியது ஏறாது. பழசையே துடைத்து, குண்டுகள் மட்டும் புதிதாகப் போட்டேன்.

28 × 1½ டயர் இங்கே சாதாரணக் கடையிலேயே கிடைத்தது. பெயின்ட் அடிக்கப் போவதில்லை. முன் மட்கார்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.