டைகரோட ரத்த ரிப்போர்ட்

கவிதா, காலை 7:10
செல்வி சித்தி, முழிச்சிருக்கீங்களா? நம்ம நாய் டைகர் சரியா சாப்பிடாம சோர்ந்து படுத்தே கிடந்தான். இன்னிக்கு விடிகாலைல ஒரு பக்க மூக்குல ரத்தம். நேத்து எடுத்த ரிப்போர்ட் இப்பதான் வந்துது: ஹீமோகுளோபின் 8.1, பிசிவி (ரத்தத்துல சிவப்பணுவோட சதவீதம்) 24, வெள்ளையணு 5,200, பிளேட்லெட் (ரத்தத்த உறைய வெக்கற அணு) 22,000.

ரவி மாமா, காலை 7:14
எங்கயாவது முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்மா. பயப்படாத.

செல்வி சித்தி, காலை 7:16
இல்லண்ணா, இது அப்படித் தெரியல. கவிதா, ரிப்போர்ட்ட கீழ வெச்சிட்டு நான் சொல்றத பாரு. உதட்டத் தூக்கி ஈற விரலால அமுக்கி விடு. வெளுத்த எடம் ரெண்டு செகண்டுக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும். அப்பறம் மல்லாக்கப் படுக்க வெச்சு அடிவயிறு, தொடை இடுக்கு பாரு. சிவப்புப் புள்ளி இருந்தா அதையும் அமுக்கிப் பாரு, மறையுதான்னு.

கவிதா, காலை 7:24
ஈறு அமுக்கறதுக்கு முன்னாடியே வெளுத்துதான் இருக்கு சித்தி. அடிவயித்துல பொடிப்பொடியா புள்ளி, அமுக்கினாலும் மறையல. காது மடிப்புக்குள்ள உண்ணி வேற.

கார்த்தி, காலை 7:25
அக்கா, உடம்பு சுடுதுன்னா வீட்ல இருக்கற ஐபுப்ரோஃபென் பாதி குடுத்துப் பாக்கலாமா?

செல்வி சித்தி, காலை 7:26
வேண்டவே வேண்டாம் கார்த்தி! ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். வயித்துல புண்ணாக்கி ரத்தக்கசிவு வரவெக்கும், கிட்னியையும் கெடுக்கும். ஆஸ்பிரின் இருக்கற பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாது. பாராசிட்டமாலும் நீங்களா குடுக்கக் கூடாது. டாக்டர் சொல்லாத எந்த மாத்திரையும் இப்ப வேண்டாம்.

செல்வி சித்தி, காலை 7:33
கவிதா, அந்தப் புள்ளியெல்லாம் தோலுக்கடியில கசிஞ்ச ரத்தம். அதான் மறையல. நாய்க்கு பிளேட்லெட் சாதாரணமா 2 லட்சத்துலேருந்து 5 லட்சம் வரைக்கும் இருக்கும். 30,000க்கு கீழ போனா அடிபடாமலே ரத்தம் கசியலாம். இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. கழுத்துப் பட்டைய இறுக்காத, ஓட விடாத, முடிஞ்சா தூக்கிட்டுப் போ. போனதும், ரத்தத்த கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாத்தாங்களான்னு ஒண்ணு கேளு: "பிளட் ஸ்மியர் பாத்தீங்களா?"

கவிதா, காலை 7:35
மெஷின் நம்பர் பத்தாதா சித்தி?

செல்வி சித்தி, காலை 7:41
பத்தாது. நான் லேப்ல தினம் உக்காந்து பாக்கற வேலை இது, அதனாலதான் அடிச்சு சொல்றேன். ட்யூப்ல பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா மெஷின் அத எண்ணாது, கம்மின்னு காட்டிடும். ஸ்மியர்ல ஓரத்துலயே அந்தக் கொத்து தெரிஞ்சிடும். டைகருக்கு மூக்குல ரத்தமும் புள்ளியும் இருக்கறதால நிஜமாவே கம்மிதான். ஆனா எனக்கு பிளேட்லெட்டோட சேத்து சிவப்பணுவும் இறங்கியிருக்கறதுதான் கவலை. ஏன் இறங்குச்சுன்னு ஸ்லைடுதான் சொல்லும். கிளம்பு.

தாத்தா, காலை 7:50
கொழந்தைய பத்திரமா கூட்டிட்டுப் போம்மா. போய்ச் சேந்ததும் சொல்லு.

கவிதா, பகல் 12:20
அட்மிட் பண்ணியாச்சு. ஸ்மியர் பாத்தாங்க. கொத்து இல்லியாம், மைக்ராஸ்கோப்ல தெரியற ஒரு வட்டத்துக்கு, அதான் ஒரு ஃபீல்டுக்கு, ஒண்ணு ரெண்டு பிளேட்லெட்தான். உண்ணி பரப்பற எர்லிக்கியா கிருமிக்கான கிட் டெஸ்ட் பாசிட்டிவ். ஆனா ஸ்லைடுல மோருலா தெரியலன்னாங்க. அப்ப அது இல்லன்னு ஆகுமா?

செல்வி சித்தி, பகல் 12:31
ஆகாது. எர்லிக்கியா கேனிஸ் மோனோசைட்டுன்ற வெள்ளையணுக்குள்ள குடியிருக்கும். அதுக்குள்ள முசுக்கட்டைப் பழம் மாதிரி ஊதாக் கொத்தா தெரியறதுதான் மோருலா. கண்ணுல பட்டா உறுதி, ஆனா பெரும்பாலும் படவே படாது. ஒரு ஃபீல்டுல ஒரு பிளேட்லெட்டுன்னா சுமார் 15,000ன்னு கணக்கு. மெஷின் சொன்ன 22,000 சரிதான்.

ரவி மாமா, பகல் 12:34
உண்ணி கடிச்சா பிளேட்லெட் ஏன் செல்வி இறங்குது? கிருமி தின்னுடுதா?

செல்வி சித்தி, பகல் 12:45
தின்னல அண்ணா. கிருமியத் தொரத்தற சண்டையில உடம்பே தன்னோட பிளேட்லெட் மேலயும் எதிர்ப்பணு ஒட்ட வெச்சிடுது. அப்படி ஒட்டினத மண்ணீரல் பிடிச்சு அழிச்சிடும். ரத்தக்குழாய்ச் சுவர் வீங்கறதால அங்கயும் கொஞ்சம் செலவாகும். இந்த ஆரம்பக் கட்டத்துல எலும்பு மஜ்ஜை நல்லா இருக்கும், மருந்து போனா சீக்கிரம் ஏறிடும். கவனிக்காம மாசக்கணக்கா விட்டா சில நாய்க்கு மஜ்ஜையே ஓய்ஞ்சு போயி சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூணும் சேந்து இறங்கும். அந்த நிலைமையில காப்பாத்தறது ரொம்ப கஷ்டம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இது இன்னும் கடுமையா வரும். நம்ம டைகரும் அந்தக் கலப்புதானே.

கவிதா, பகல் 12:47
சித்தி, அவனுக்கும் மூணும் கம்மியாதானே இருக்கு? வெள்ளையணு 5,200, நார்மல் 6,000லேருந்துன்னு போட்டிருக்கு.

செல்வி சித்தி, பகல் 12:52
நானும் அததான் யோசிச்சிட்டிருக்கேன். வெள்ளையணு லேசான குறைச்சல்தான், ஆரம்பக் கட்டத்துலயும் அப்படி வரும். சிவப்பணுவ மஜ்ஜை புதுசா அனுப்புதான்னு பாத்தாதான் தெரியும். ரெட்டிகுலோசைட், அதான் இளசு சிவப்பணு, எண்ணிப் பாத்தாங்களா? ஒண்ணுக்கு என்ன நிறத்துல போறான்?

கவிதா, பகல் 1:05
ரெட்டிகுலோசைட் நிறையவே இருக்காம். ஒண்ணுக்கு கரும்பழுப்பா போறான்.

செல்வி சித்தி, பகல் 1:16
நல்ல சேதி ஒண்ணு, கவனிக்க வேண்டிய சேதி ஒண்ணு. இளசு சிவப்பணு நிறைய வருதுன்னா மஜ்ஜை உயிர்ப்போட வேலை செய்யுது. அப்ப இது மஜ்ஜை ஓய்ஞ்ச கேஸ் இல்ல. ஆனா கரும்பழுப்பு நிறம்னா எங்கயோ சிவப்பணு உடையுது. எர்லிக்கியா தனியா இப்படி உடைக்கறது அபூர்வம், பேபீசியாங்கற இன்னொரு உண்ணிக் கிருமிதான் சிவப்பணுக்குள்ள பூந்து உடைக்கும். ஒரே பழுப்பு உண்ணி ரெண்டையும் ஏத்தி விட்டுடும். பேபீசியாவுக்கும் பிசிஆர், அதான் கிருமியோட மரபணுவத் தேடற டெஸ்ட், அனுப்பச் சொல்லு. எந்த வகைன்னும் எழுதித் தரச் சொல்லு.

கார்த்தி, பகல் 1:18
வகை தெரிஞ்சு என்ன சித்தி பண்ணப் போறோம்?

செல்வி சித்தி, பகல் 1:27
மருந்தே மாறும்டா. பேபீசியால பெரிய வகைக்கு இமிடோகார்ப் ஊசி கேக்கும். சின்ன வகையான பேபீசியா கிப்சோனிக்கு அது சரியா கேக்காது. அட்டோவாகோனும் அசித்ரோமைசினும் சேத்துக் குடுக்கணும். எர்லிக்கியாவுக்கான டாக்சிசைக்ளின மட்டும் நம்பி உக்காந்தா பேபீசியால ரெண்டு வகையுமே அடங்காது. அந்த கிப்சோனிய பேட்டன்ங்கறவர் 1910ல முதன்முதலா விவரிச்சது நம்ம மெட்ராஸ் வேட்டை நாய்ங்களோட ரத்தத்துலதான். குள்ளநரி ரத்தத்துலயும் பாத்திருக்கார். நூறு வருஷத்துக்கு மேல இந்த மண்ணுல இருக்கற கிருமி, அதனாலதான் வகை கேளுன்னு இவ்ளோ வற்புறுத்தறேன்.

தாத்தா, பகல் 1:40
ரத்தம் ஏத்தணுமா செல்வி? நாய்க்கு யாரு குடுப்பா?

செல்வி சித்தி, பகல் 1:46
இன்னொரு நாய்தான்பா குடுக்கும். பிசிவி 24ல மூச்சு வாங்காம படுத்திருந்தா பொறுத்துப் பாக்கலாம். இன்னும் இறங்கினாலோ நிக்க முடியலன்னாலோ ஏத்தியே ஆகணும். ரெண்டு ரத்தமும் ஒத்துப்போகுதான்னு குறுக்குப் பொருத்தம் பாத்து ஏத்துவாங்க. கவிதா, சாயங்காலம் மறுபடி பிசிவி பாக்கச் சொல்லு.

கவிதா, இரவு 8:15
பிசிவி 23. இறங்கல மாதிரிதான்னு டாக்டர் சொன்னாங்க. மூக்குல ரத்தம் நின்னுடுச்சு.

ரவி மாமா, இரவு 8:16
அப்பாடா.

அடுத்த வாரம்

கவிதா, மாலை 6:02
பிசிஆர் வந்துது. எர்லிக்கியா இருக்கு, பேபீசியா கிப்சோனியும் இருக்கு. மருந்து மாத்திட்டாங்க. பிளேட்லெட் 1,40,000, பிசிவி 29. இன்னிக்கு தட்ட நக்கியே காலி பண்ணிட்டான்!

செல்வி சித்தி, மாலை 6:10
படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு கவிதா. பிளேட்லெட்தான் முதல்ல ஏறும், சிவப்பணு மெதுவாதான் வரும். நல்லாயிட்டான்னு டாக்சிசைக்ளின நிறுத்திடாத, 28 நாளும் போகணும். சாப்பாட்டோட குடு, வெறும் வயித்துல வாந்தி வரும்.

கவிதா, மாலை 6:12
முடிஞ்சதும் கிட் டெஸ்ட் திரும்ப எடுத்து நெகட்டிவ்னு பாக்கணுமா?

செல்வி சித்தி, மாலை 6:17
அது எதிர்ப்பணுவப் பாக்கற கிட். நோய் போனாலும் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா கூட பாசிட்டிவ் காட்டும். அதப் பாத்து பயந்து இன்னொரு கோர்ஸ் ஆரம்பிக்கறவங்க நிறைய. நீ சிபிசி, அதான் ரத்த அணுக்கள எண்ணற டெஸ்ட், எடு, ஸ்மியர் பாரு. கிப்சோனி லேசுல முழுசா போகாது, அதனால பேபீசியாவுக்கு ரெண்டு மாசம் கழிச்சு பிசிஆர் திரும்ப அனுப்பு. அவன இனிமே ரத்ததானத்துக்குக் கூட்டிட்டுப் போகாத. மத்த நாயோட கடிபுடி சண்டையும் கூடாது, கிப்சோனி கடி வழியாவும் பரவும்.

தாத்தா, மாலை 6:20
நமக்கு ஒட்டுமாம்மா?

செல்வி சித்தி, மாலை 6:25
அவன்கிட்டேருந்து நேரா ஒட்டாதுப்பா. கொஞ்சலாம். உண்ணிய மட்டும் வெறும் கையால நசுக்க வேண்டாம். இடுக்கியால தோல ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. பழுப்பு உண்ணி சுவர் விரிசல்லயும் குடியிருக்கும், ஒண்ணே ஆயிரக்கணக்குல முட்டை போடும். டாக்டர்கிட்ட உண்ணி மாத்திரை கேட்டு மாசம் தவறாம குடுக்கணும்.

ரவி மாமா, மாலை 6:31
செல்வி, எங்க ஜிம்மிக்கும் போன மாசம் உண்ணி எடுத்தோம். நல்லா ஓடி ஆடிட்டுதான் இருக்கான். விட்டுடலாமா?

செல்வி சித்தி, மாலை 6:36
விடாதீங்கண்ணா. எர்லிக்கியா வெளிய தெரியாம மாசக்கணக்கா, வருஷக்கணக்கா உள்ள இருக்கும். அப்ப பல நாய்ல பிளேட்லெட் லேசா இறங்கியிருக்கறது மட்டும்தான் தடயம். ஒரு சிபிசி எடுத்துடுங்க.

ரவி மாமா, மாலை 6:38
நாளைக்கு காலைல கூட்டிட்டுப் போறேன். ஸ்மியரும் போடச் சொல்றேன்.

செல்வி சித்தி, மாலை 6:39
ரிப்போர்ட்ட முழுசா படம் எடுத்து அனுப்புங்க, பிளேட்லெட் வரிய மட்டும் இல்ல.