போக்கரில் ‘ஃபோல்டு’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

கோத்தகிரியிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். பதினோராம் வகுப்புக்கு நிகழ்தகவைப் போக்கர் வழியாக விளக்கும் பாடக்குறிப்பைத் திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும். பணம் கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம். 52 சீட்டுகளிலிருந்து ஆளுக்கு இரண்டு கவிழ்த்துத் தரப்படும். அப்படி அமையக்கூடிய 1,326 இணைகளில் 78 மட்டுமே ஒரே மதிப்புள்ள சோடிகள். பிறகு நடுவில் ஐந்து பொதுச்சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். எதிரி பந்தயம் கட்டியபின் நாம் அதற்கு ஈடுகட்டலாம், உயர்த்தலாம், அல்லது அதுவரை கட்டியதை இழந்து, சீட்டைக் கீழே வைத்து அந்த ஆட்டத்திலிருந்து நீங்கலாம்; இப்படி நீங்குவதே ‘ஃபோல்டு’. நடுவில் 300 கொட்டைகள் இருக்க, தொடர்வதற்கு 100 கட்ட வேண்டுமென்றால், வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் குறைவாக உள்ளவர் நீங்குவதே கணக்கு. பாடத்தின் உயிர்நிலை இந்த முடிவுதான். இதற்கு ‘மடித்தல்’ என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

குன்னூரிலிருந்து:
அம்மா, ‘மடித்தல்’ துணிக்கு உரியது. மடங்கு என்பது தன்வினை, மடக்கு அதன் பிறவினை. வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தருவதை அணியிலக்கணத்தார் மடக்கு என்றனர். மடங்குதலுக்கு மீளுதல் என்ற பொருளும் உண்டு. களத்திலிருந்து மீள்பவருக்கு ‘மடங்கல்’ பொருந்தும்.

கூடலூரிலிருந்து:
ஐயா, மடங்கல் என்றால் சிங்கம். கூற்றுவனுக்கும் அதுவே பெயர். மாணவர் அகராதியைப் புரட்டினால் திகைத்துப்போவர். ரம்மியில் இப்படி விலகுவதை ‘ஸ்கூட்’ என்றால் ஊரில் யாருக்கும் விளங்கும்போது புதுச்சொல் எதற்கு? 1875இல் சபல்பூரில் பிறந்த ஸ்னூக்கருக்கு 1882இல் நம் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுத்தார்கள்; அதை இன்றும் ஸ்னூக்கர் என்றே சொல்கிறோம்.

உதகையிலிருந்து:
ஆட்டத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும். ஆடும் வினைக்குத் தமிழ் வேண்டும். ‘நல்ல கை விழுந்தது’ என்று சீட்டாடுவோர் சொல்வதால் ‘கைவிடல்’ போதும். அந்தச் சுற்றில் எவரும் பந்தயம் கட்டாதபோது, தாமும் கட்டாமல் ஆட்டத்தில் நீடிப்பதை ‘முறைவிடல்’ எனலாம். முன்னதில் கை போகிறது, பின்னதில் முறை மட்டுமே போகிறது.

கோத்தகிரியிலிருந்து:
இந்த இணை வகுப்பில் நிற்கும் என நம்புகிறேன். கூடலூர் ஐயாவும் தனிமடலில் இசைந்துவிட்டதால் ‘கைவிடல்’ என்றே அச்சுக்குத் தருகிறேன்.

குன்னூரிலிருந்து:
நான் இசையவில்லை. கைவிடல் என்றால் ஆதரவற்றவரைத் தவிக்கவிடுவதுதான் தமிழர் நினைவுக்கு வரும். கணக்கறிந்து நீங்கும் விவேகத்துக்கு அந்தப் பழி வேண்டாம். ‘மடங்குதல்’ என்று முழுத் தொழிற்பெயராக எழுதினால் சிங்கமும் குறுக்கே வராது. திங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறதே அம்மா, அருள்கூர்ந்து மறுபடி எண்ணிப்பாருங்கள்.