ஏரியின் மீதிருந்த கோபம் ஆற்றங்கரை வீடுகளின் மீது திரும்பியது எப்படி?

கோட்டூர்புரத்துவாசி (கேள்வி):
2015 டிசம்பர் முதல் தேதி இரவு, சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது, எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் முழுவதும் மூழ்கியது. சேறு அள்ளிய அந்த வாரம் மொட்டைமாடியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: உரிய நேரத்தில் எச்சரிக்காமல் ஏரியைத் திறந்தது யார்? பொங்கல் கழித்துக் கூடிய சங்கக் கூட்டத்திலோ அதே மனிதர்கள், "ஆற்றை அடைத்துக்கொண்டு குடியிருப்பவர்கள் யார்?" என்று கேட்டார்கள். யாரும் மேடையேறி எங்களைத் தூண்டிவிடவில்லை. கட்சிகளும் அரசுத் துறைகளும் மக்களின் கோபத்தைத் தமக்கு வேண்டிய பக்கம் திருப்புவது இப்படித்தானா?

நீர்வழி:
அதற்கு ஒரு சொல் போதும், ஐயா. "ஆக்கிரமிப்பு" என்பது அறிவிப்பிலும் செய்தியிலும் திரும்பத் திரும்ப வரும்போது நம் கண்முன் தோன்றுவது தகரக் கூரைதான். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு எழுப்பிய பறக்கும் ரயிலையோ, அடையாற்றைக் கடந்து நீளும் விமான நிலைய ஓடுபாதையையோ, பள்ளிக்கரணைச் சதுப்பை விழுங்கிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கையோ யாரும் அச்சொல்லால் குறிப்பதில்லை. பட்டா இல்லாதவர் பதில் வழக்குப் போட மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஏரி நீரைத் திறந்துவிட்ட முறையில் குறை கண்டு, அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. அதற்குள் கரையோர வீடுகள் பல இடிக்கப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பினரும் பழி முழுவதையும் ஒரே முகத்தின் மேல் ஏற்றினார்களே தவிர, ஏரிகளும் கழுவெளிகளும் மனைகளான கதையை நீட்டிக்கவில்லை. அந்தக் கதை எந்த ஆட்சியையும் விட்டுவைக்காது.

மாம்பலத்தான்:
ஆயினும் கரையோரம் குடியிருப்பது உயிருக்கு ஆபத்து என்பது பொய்யல்லவே? மாற்று வீடு கொடுத்ததையும் கோபத்தின் கணக்கில் எழுதுவது சரியாகுமா?

பெரும்பாக்கத்திலிருந்து:
ஆபத்து பொய்யல்ல, அண்ணா. வெள்ளத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு துணி மிஞ்சவில்லை. ஆனால் கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் சிவப்பு மையால் எண் எழுதிய நாளிலிருந்து, பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடத்திலிருந்து குற்றம் செய்தவர்கள் என்ற இடத்துக்கு நாங்கள் மாறிவிட்டோம். தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்ற அம்மாவிடம், "உங்களால்தானே ஊரே மூழ்கியது" என்று ஒருவர் நேராகவே சொன்னார். அதற்கு முந்தைய மாதம்தான் அம்மா கோட்டூர்புரத்து அடுக்குமாடிகளில் சேறு வழித்துவிட்டு வந்திருந்தார். பள்ளி ஆண்டின் நடுவில் என்னையும் தம்பியையும் லாரியில் சாமான்களோடு ஏற்றிப் பெரும்பாக்கத்து மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இறக்கினார்கள். எங்களைக் கொண்டுவந்து வைத்த இந்த இடமும் சதுப்பை ஒட்டிய பள்ளம்தான். பெருமழை பெய்தால் இங்கும் தண்ணீர் நிற்கிறது. அதை எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

கோட்டூர்புரத்துவாசி:
தங்கையே, இதைப் படித்தபின் சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கரையோரக் குடியிருப்புகளை அகற்றக் கோரி மாநகராட்சிக்கு எழுதிய கடிதத்தின் நகல் அதில் இருக்கிறது. ஏரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையெழுத்திட்டவர்களில் ஏழாவது பெயர் என்னுடையது.