வீட்டில் ஒரே இணைப்பில் மூன்று கணினிகள், ஒன்றுக்கொன்று தெரியவில்லை

கேள்வி: வேனிற்பூ

அனைவருக்கும் வணக்கம். கீழ்த்தளத்தில் விண்டோஸ் 10 மேசைக்கணினி ஒன்றும், அதனருகில் லினக்ஸ் மின்ட் நிறுவிய பழைய கணினி ஒன்றும் இருக்கின்றன. பழைய கணினியில்தான் குடும்பப் படங்களையும், அப்பா ஸ்கேன் செய்துவைத்த வீட்டுப் பத்திரங்களையும் சேமித்திருக்கிறோம். மாடியில் நான் பயன்படுத்துவது விண்டோஸ் 11 மடிக்கணினி. கீழேயுள்ள ஃபைபர் ரவுட்டரின் சிக்னல் மாடிக்கு எட்டாததால், அதிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் இன்னொரு வைஃபை ரவுட்டரை மாட்டியிருக்கிறோம்.

மூன்று கணினிகளிலும் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் மடிக்கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போனால் அதன் சொந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. விண்டோஸ் 7 இருந்த நாளில் ஹோம்குரூப் என்ற வீட்டுப் பகிர்வு வசதி வழியாக எல்லாம் எளிதாக நடந்தது. எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு வசதியை இயக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். செய்யலாமா?

மறுமொழி 1: கம்பிவடம்

எஸ்எம்பி1-ஐ இயக்க வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல், அந்தப் பழைய நெறிமுறையிலிருந்த ஓட்டையின் வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தாவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அதைச் சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் படிப்படியாகக் கைவிட்டது. ஹோம்குரூப்பும் 2018-இல் 1803 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. ஒரே ஒரு பட்டியலில் பெயர் தெரிவதற்காக, பத்திரங்கள் இருக்கும் வீட்டில் அந்தக் கதவைத் திறந்துவைப்பது சரியன்று.

பட்டியலில் பெயர் தோன்றுவது வேறு, கணினியை எட்ட முடிவது வேறு. பெயர் தோன்றாத கணினியையும் அதன் முகவரியைக் கொண்டு திறந்துவிடலாம். ஆகவே முகவரியிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் கணினிகளில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை இட்டு, ஐபிவி4 முகவரியையும் அதற்குக் கீழுள்ள டீஃபால்ட் கேட்வேயையும் (அதாவது ரவுட்டரின் முகவரியையும்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மடிக்கணினியின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளை இட்டு, இடைவெளியின்றி மேசைக்கணினியின் முகவரியைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். இதே சோதனையைக் கீழிருந்து மாடிக்கும் செய்துபாருங்கள்.

அதற்கு முன், இரண்டு விண்டோஸ் கணினிகளிலும் வலையமைப்பின் வகை ‘பிரைவேட்’ என்று இருக்க வேண்டும். ‘பப்ளிக்’ என்றிருந்தால், தேநீர்க்கடை வைஃபையில் அமர்ந்திருப்பதாகவே கருதி ஃபயர்வால் பிறரிடமிருந்து கணினியை மறைத்துவிடும். நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் ஷேரிங் ஆகிய இரண்டும் இயங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேனிற்பூ

விரிவான விளக்கத்திற்கு நன்றி. மேசைக்கணினியின் முகவரி 192.168.1.5, கேட்வே 192.168.1.1. மடிக்கணினியின் முகவரி 192.168.0.102, கேட்வே 192.168.0.1. மடிக்கணினியிலிருந்து மேசைக்கணினியின் முகவரியை இட்டபோது கடவுச்சொல் கேட்டது. நான் வழக்கமாக உள்நுழையும் பின் எண்ணைக் கொடுத்தால் ஏற்கவில்லை. கீழிருந்து மடிக்கணினியின் முகவரியை இட்டால் எதுவுமே வருவதில்லை.

மறுமொழி 2: அலைவரிசை

முகவரிகளிலேயே விடை இருக்கிறது. மூன்றாவது எண் கீழே 1, மாடியில் 0. மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி வலையமைப்பை உருவாக்கி, தன்னிடம் இணைந்த கருவிகளையெல்லாம் தன் ஒற்றை முகவரிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மேலிருந்து கீழே செல்ல முடிகிறது, கீழிருந்து மேலே வர முடியவில்லை. கணினிகள் தம் பெயரை அறிவிக்கும் செய்திகள் ஒரே வலையமைப்புக்குள் மட்டும் பரவுபவை; ரவுட்டரைத் தாண்டுவதில்லை. இந்த நிலையில் விண்டோஸில் எந்த அமைப்பை மாற்றினாலும் பட்டியல் நிறையாது.

மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ (தனி வலையமைப்பை உருவாக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. அந்த வசதி இல்லையென்றால், முதலில் அதன் லேன் (வீட்டு உள்வலை) முகவரியை 192.168.1.2 போன்று, கீழ் ரவுட்டர் பிறருக்குப் பங்கிடாத ஒன்றாக மாற்றுங்கள். அடுத்து, கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி சேவையை நிறுத்துங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையிலிருந்து பிடுங்கி லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஎச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால், அமைப்புப் பக்கத்திற்குத் திரும்பச் செல்ல மடிக்கணினிக்கு முகவரியே கிடைக்காமல் போகலாம்.

மாற்றிய பிறகு மடிக்கணினி இதைப் புதிய வலையமைப்பாகக் கருதி மீண்டும் ‘பப்ளிக்’ ஆக்கியிருக்கக்கூடும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாடியில் ‘கெஸ்ட்’ வைஃபையில் இணைந்திருந்தாலும் பிற கருவிகள் தெரியாது.

மறுமொழி 3: கயல்விழியாள்

கடவுச்சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பின் எண் அந்தந்தக் கணினியின் முன் அமர்ந்து உள்நுழைவதற்கு மட்டுமே உரியது. வலையமைப்பின் வழியே செல்லாது. மேசைக்கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் அந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் முழுக் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து அனுமதிப்பதில்லை. பகிர்வதற்கென்றே மேசைக்கணினியில் தனியாக ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொல் வைத்து, தேவையான ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். மடிக்கணினியில் விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு இருந்தால், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வை அது ஏற்காது. ஆகவே குறுக்குவழி தேட வேண்டாம்.

வேனிற்பூ

ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிட்டேன். இப்போது எல்லாமே 192.168.1 வரிசையில் இருக்கின்றன. இரண்டு விண்டோஸ் கணினிகளும் ஒன்றையொன்று காட்டுகின்றன. தனிக் கணக்கு வைத்துக் கோப்புகளும் திறக்கின்றன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லினக்ஸ் கணினி மட்டும் பட்டியலில் வரவில்லை. முகவரியை இட்டால் கடவுச்சொல் கேட்டு மறுக்கிறது.

மறுமொழி 4: கம்பிவடம்

மறுப்பதற்குக் காரணம், லினக்ஸில் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருள் தன் கடவுச்சொற்களைத் தனியே வைத்துக்கொள்வதுதான். டெர்மினலில் ‘சூடோ எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி (sudo smbpasswd)’ கட்டளையை ‘-ஏ’ விருப்பத்தோடும் உங்கள் பயனர்பெயரோடும் இட்டு, சாம்பாவுக்கென ஒரு கடவுச்சொல்லைப் பதிவு செய்யுங்கள். பட்டியலில் பெயர் வராததற்குக் காரணம் வேறு: இன்றைய விண்டோஸ் எதிர்பார்க்கும் முறையில் சாம்பா தன்னை அறிவிப்பதில்லை. ‘டபிள்யூஎஸ்டிடி’ என்ற சிறு மென்பொருளை நிறுவினால் அந்த அறிவிப்பை அது செய்துவிடும். நிறுவ விருப்பமில்லையென்றால், முகவரிக்குப் பதிலாகக் கணினியின் பெயருடன் ‘.லோக்கல்’ சேர்த்து இட்டாலும் பெரும்பாலும் திறக்கும்.

அந்தக் கணினியின் முகவரி அவ்வப்போது மாறாமலிருக்க, கீழ் ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கிவைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து படங்களைப் பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை மட்டும் இணையத்திற்குத் திறந்துவிடாதீர்கள். அந்தத் தேவை வந்தால் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) அமைப்பதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.