புதுப்பிப்பு: ஈறு நோய்க்கான எலும்புச் சீரமைப்பு முடிந்தது
வலது கீழ்க் கடைவாய்ப் பற்களைச் சுற்றி ஈறுப்பை (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் பள்ளம்) 7 மி.மீ. ஆழமாகிவிட்டதால் எலும்பைச் சீரமைக்கச் சொல்கிறார்கள், செய்துகொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்; அறுவை முடிந்து 3 மாதங்கள் ஆகின்றன. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, வேரில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டியபின், இரு பற்களுக்கிடையே கிண்ணம்போல் குழிந்திருந்த எலும்பின் விளிம்புகளைத் தண்ணீர் பீய்ச்சியபடியே மெல்ல இழைத்து, ஈறு படிந்து உட்காரும் வகையில் சரிவாக்கினார் மருத்துவர். வலி இல்லை, அதிர்வை மட்டும் காதுவரை உணர்ந்தேன். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

இப்போது ஆழம் 3 மி.மீ.; துலக்கும்போது இரத்தம் வருவதில்லை. ஆனால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவதால் குளிர்ந்த நீர் பட்டாலே கூசுகிறது. இந்தச் சிகிச்சை, இழந்த எலும்பைத் திருப்பித் தராது என்பதையும் செய்துகொள்ள நினைப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அகன்றுவிட்ட பல்லிடுக்குகளைச் சிறு தூரிகை விட்டு இரவுதோறும் துலக்கிவருகிறேன்.